கட்டிலுக்கு அடியில் ஒரு முதலீடு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், படுக்கையறை மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் நீங்கள் முதலீட்டைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்.

போன முறை வந்தபோது சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, "மாமா, இனிமே பணம் போறதெல்லாம் தண்ணி பக்கம்தான். கடல்நீரைக் குடிநீராக்குறது, கழிவுநீரைச் சுத்தம் பண்றது, குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்குற கருவின்னு பெரிய பெரிய ஆளுங்க முதல் போடுறாங்க. பேங்க்ல தூங்குற உங்க பணத்தைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க" என்றீர்கள். நானும் எழுப்பத்தான் நினைத்தேன். ஆனால் நான் ஆலையில் ஸ்டோர் கீப்பராகக் காலம் தள்ளியவன், வந்த சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்ததை நீங்கள் போனில் காட்டிய ஒரு வரைபடத்தை நம்பி எப்படிக் கொடுப்பது?

ஆகவே நீங்கள் சொன்ன கசிவுக் கருவிக் கம்பெனிக்கே நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண், "பங்கு வாங்க இங்க வர வேணாம் சார், போன்லயே வாங்கலாம்" என்றாள். சாம்பிள் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் என்னைக் கிளப்பினால் போதும் என்று இரண்டு இன்ஜினியர்களைக் கருவியோடு நம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மாடித் தொட்டி நிரம்பிய வேகத்தில் காலியாவது உங்களுக்குத் தெரியும். அதற்குக் காரணம் உங்கள் அத்தை பாத்திரம் அலசும் அழகு என்று நானும், நான் பாடிக்கொண்டே குளிப்பது என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வந்தவர்கள் காதில் ஹெட்போனை மாட்டி, தரையில் ஒரு கம்பியை ஊன்றி, டாக்டர் நெஞ்சைச் சோதிப்பது போல அறை அறையாகக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். சமையலறைக் குழாய் துணி சுற்றியும் சொட்டுவதை உங்கள் அத்தை காட்டினாள். "தம்பி, ஒழுகுறது இங்க."

"அது கண்ணுக்குத் தெரியுற ஒழுகல்மா. எங்க கருவி தெரியாததைத்தான் கண்டுபிடிக்கும்."

"எங்க வீட்டுக்காரரும் இதே மாடல்தான்" என்றாள் அவள்.

கடைசியில் எங்கள் கட்டிலுக்கு அடியில் சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். கட்டிலை இழுத்தோம், கொத்தனாரை வரவழைத்துத் தோண்டினோம். உள்ளே மண் மாவு மாதிரி உலர்ந்து கிடந்தது. எனக்கு வந்ததே கோபம், வேலையை அங்கேயே நிறுத்தி இருவரையும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். கட்டில் இப்போது கூடத்தில் கிடக்கிறது. வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அதன் மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் மாப்பிள்ளை, தண்ணீர்த் துறையில் நான் சல்லிக்காசு போடுவதாக இல்லை. சமையலறைக் குழாயை மாற்றப்போகிறேன், எனக்கு அந்த உள்கட்டமைப்பு போதும். நீங்கள் ஏதாவது போட்டிருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். இதை எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு என்னை மதித்து இவ்வளவு நேரம் ஒரு விஷயத்தை விளக்கிச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

மகளுக்கு என் அன்பு. இருவரும் குறைவில்லாமலும் கசிவில்லாமலும் நெடுங்காலம் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் குழியை மூடக் கொத்தனார் வந்துவிட்டார். சிமென்ட் போடுவதற்கு முன் அடிமண்ணைக் கொஞ்சம் கிளறினார். கீழே ஒரே சேறு, அதற்குள் துருப்பிடித்த குழாய், அதில் விரல் நுழைகிற ஓட்டை. குழியிலிருந்து தண்ணீர் கூடம் வரை வந்துவிட்டதால் இந்த வரிகளை நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த இன்ஜினியர்கள், "இன்னும் ஒரு சாண் தோண்டச் சொல்லுங்க சார்" என்று கெஞ்சியதை மேலே எழுத எப்படியோ விட்டுப்போயிற்று. மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். பணத்தை அந்தக் கம்பெனியிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் அத்தைக்கும் முழுச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் அவள் சொன்னபடியே எழுதச் சொல்கிறாள்: "என் பேர்ல போடச் சொல்லுங்க. உங்க பேர்ல போட்டா, லாபம் வர்றதுக்கு ஒரு சாண் முன்னாடியே நிறுத்திடுவீங்க."