அறுபது கிலோ அருள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வந்தால் பனச்சமூட்டில் பஸ் ஏற முடியாது. கோயில் கொடையா என்றால் இல்லை. சர்ச் கன்வென்ஷனா என்றால் அதுவும் இல்லை. மூடிக் கிடக்கும் கல்குவாரியில் கார்ப் பந்தயம். பந்தயம் பார்க்க நூறு பேர் வருவார்கள். மீதி ஐந்நூறு பேர் எஞ்சின் சாமியைப் பார்க்க வருவார்கள்.

எஞ்சின் சாமி என்றால் வேறு யாருமில்லை, நம்ம செல்லசாமிதான். களியக்காவிளையில் கார்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த ஆள். மூன்று வருடம் காணாமல் போனார். திரும்பி வந்தபோது தாடி இருந்தது, காவி இருந்தது, சீட் கவர் மட்டும் இல்லை. கேரளத்துப் பாறசாலைக்காரன் கேட்டால், "பொதிகை மலையில தமிழ்ச் சித்தருகிட்ட படிச்சது" என்பார். தமிழ்நாட்டு மார்த்தாண்டத்துக்காரன் கேட்டால், "அசல் மலையாள மாந்திரீகமாக்கும்" என்பார். நம் சனங்களுக்கு மந்திரவாதி எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். இந்தப் பக்கத்து ஆள் என்றால் அவனுடைய அப்பனைத் தெரிந்துபோகுமே!

சாமியின் பிழைப்பு விளங்க வேண்டுமானால் பந்தயத்தின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். எல்லை மோட்டார் கிளப்பில் மூன்று கிளாஸ். கம்பெனியிலிருந்து இறங்கியபடி ஓடுகிற கார் முதல் கிளாஸ். கொஞ்சம் கைவைத்த கார் இரண்டாம் கிளாஸ். பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாத கார் மூன்றாம் கிளாஸ். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மார்க் உண்டு. அகல டயர் ஐந்து. சைலன்சர் மூன்று. பிரேக் பேட் நான்கு. எடையைக் குறைத்தால் பத்துக் கிலோவுக்கு இரண்டு. பள்ளிக்கூட மார்க் மாதிரி இல்லை இது, கூடினால் கேடு. மூன்று மார்க் வரை முதல் கிளாஸில் இருக்கலாம். நான்கு வந்தால் மேலே தள்ளிவிடுவார்கள். மேலே என்றால் பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். கோழி கொஞ்சம் கொழுத்துவிட்டது என்று எருமையோடு ஏரில் பூட்டுவது போல. அங்கே ஓடுவதெல்லாம் இரட்டிப்பு எஞ்சின்.

ஆகவே எல்லோருக்கும் ஒரே ஆசை. வேகம் கூட வேண்டும், மார்க் கூடக் கூடாது. ஊர் முழுக்க இப்படி ஓர் ஆசை இருந்தால் அதைத் தீர்த்துவைக்கத் தாடியோடு ஒருவன் வராமல் இருப்பானா?

சட்டத் தாளில் ஒரு வரி இருந்தது. போல்ட்டாலோ திருகாலோ பற்றவைத்தோ வண்டியில் சேர்த்தது எல்லாம் மாற்றம். சாமி அந்த வரியை நன்றாகப் படித்திருந்தார். அவருடைய செப்பு யந்திரத்தைப் போல்ட் போட்டு மாட்டுவதில்லை. சிவப்புக் கயிற்றால் கட்டுவதுதான். "வாயு பகவான் இருபது குதிரச் சக்தி தருவாரு. கிளப்பு பூஜ்ஜியம் மார்க்கு தரும்" என்று மைக்கில் சொல்வார். யந்திரத்தின் விலை ஒரு நல்ல டயரின் விலை. கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கு யந்திரம் ஆகாது என்பதால் அவர்களுக்கு அதே விலையில் ஜெபித்த எண்ணெய். யார் ஜெபித்தது என்று ஒருவனும் கேட்கவில்லை. அதில் வாழைக்காய் வறுத்த வாசம் வந்தது. அதைச் சொன்னதற்கு என்னிடம் நான்கு பேர் இன்னும் பேசுவதில்லை.

யந்திரம் கட்டிய பிறகு பானெட்டின் மேல் சந்தனம் பூசி, கயிறு சுற்றி சாமி முத்திரை வைத்துவிடுவார். அதைத் திறந்தால் கைகால் முடங்கும்.

வண்டிகளைத் திறந்து சோதிக்க வேண்டியவர் கிளப் செயலாளர் ராஜதாஸ். சபைக் கமிட்டியில் இருப்பவர், மந்திரம் மாயமெல்லாம் சாத்தானின் வேலை என்று பேசுகிறவர். முத்திரை வைத்த வண்டி வந்தால் மட்டும் தாண்டிப் போய்விடுவார்.

"நான் இதொண்ணும் நம்பமாட்டேன், கேட்டியா," என்றார் என்னிடம். "ஆனா எனக்கு ரெண்டு முட்டும் ஏற்கனவே வேதனையாக்கும்."

முழங்கால் வலி ஒரு மனிதனை எவ்வளவு பக்திமான் ஆக்கிவிடுகிறது, பாருங்கள்.

முதல் கிளாஸில் வருடத்துக்கு ஐந்து பந்தயம். முடிந்த நான்கிலும் ஜெயித்தவன் அனூஜ். சாமியின் அக்காள் மகன். அவனுடைய பழைய வெள்ளைக் கார் வளைவிலிருந்து சிட்டாகப் பறக்கும். அதைப் பார்த்துப் பன்னிரண்டு பேர் யந்திரமோ எண்ணெயோ வாங்கினார்கள். ஒருவனும் ஜெயிக்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஈசாக் போய்ச் சாமியிடமே கேட்டான்.

"சாமி, நானும் எண்ணெய் விட்டேன். ஏழாவதுல்லா வந்தேன்?"

"வெள்ளிக்கெழம மீன் தின்னியாலே?"

"வெள்ளிக்கெழம மட்டுமா? எல்லா நாளும் மீனுதான்."

"பின்ன எப்பிடிலே ஓடும்?"

ஈசாக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அனூஜ் அதே வெள்ளிக்கிழமைதான் சந்தையில் நெய்மீன் வாங்கினான். அதை வெட்டிக் கொடுத்தவனும் யந்திரம் கட்டியவன்தான். அவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

நான்கு பந்தயத்திலும் இரண்டாவதாக வந்தவள் சுமி. குளத்தூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். அனூஜ் வைத்திருக்கும் அதே மாடல் கார், சிவப்பு நிறம், மேலே எல் போர்டு. யந்திரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. முதல் கிளாஸில் வருடத்தின் முதல் ஆளைக் கிளப் தன் செலவில் கோயம்புத்தூருக்கு அனுப்பும். தார் போட்ட நிஜப் பந்தயத் தளத்தில் ஓட்டலாம். கியர் மாற்றத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்தவளுக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது. வேறொன்றும் அவள் கேட்கவில்லை. கடைசிப் பந்தயத்தில் அவள் ஜெயித்து, அனூஜ் வெகு கீழே வந்தால் அது கிடைக்கும்.

அதற்கு முந்தின வாரம் பயிற்சியில், குவாரிச் சரிவில் பிரேக் பழுக்கக் காய்ந்து பெடல் தரையோடு போய்விட்டது. மண் திட்டில் ஏற்றித்தான் வண்டியை நிறுத்தினாள். மறுநாள் நல்ல பிரேக் பேட் வாங்கி மாட்டினாள். கிளப் படிவத்தில் தன் கையாலேயே எழுதியும் கொடுத்தாள். நான்கு மார்க். ராஜதாஸ் சிவப்பு மையால் இரண்டாம் கிளாஸ் என்று போட்டார். எருமை ஏரில் பூட்டியாயிற்று. கோயம்புத்தூர் போயிற்று.

கடைசிப் பந்தயத்தன்று காலை ஆராதனை முடிந்து கூட்டம் சேர்ந்ததும் சுமி ராஜதாஸின் மேசைக்கு வந்தாள்.

"சாரே, இது ஓடதுக்கு போட்டதில்ல. நிக்கதுக்கு போட்டது."

"தெரியும் மோளே. நல்ல பிரேக்கு உள்ளவன் வளைவு வாற வரைக்கும் ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுக்கமாட்டான். அதும் வேகம்தான். சட்டம் சட்டமாக்கும்."

"சம்மதிச்சேன். அந்த பேட நான் களத்தவும் மாட்டேன். அப்போ அனூஜுக்க யந்திரத்துக்கு எத்தற மார்க்கு?"

"அது கயித்துல கெட்டினதுல்லா."

சுமி மேற்கொண்டு வாதாடவில்லை. நேரே சாமியின் பந்தலுக்குப் போனாள். சாமி மைக்கோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஐந்நூறு பேர்.

"சாமி, ஒரே ஒரு சங்கதி. யந்திரம் வேகத்த கூட்டுமா, கூட்டாதா?"

"கூட்டுமாவா?" சாமி மைக்கை வாய்க்குள்ளேயே விட்டார். "இருபது குதிர! சாட்சாத் வாயு பகவானுக்க இருபது குதிர!"

விசில் பறந்தது.

"ராஜதாஸ் சாரே, கேட்டியளா?" சுமி திரும்பிக் கூப்பிட்டாள். "கயிறோ போல்ட்டோ, இருபது குதிர கூடினா மூணாம் கிளாஸுதானே? அனூஜயும் வாங்கின பன்னிரண்டு பேரயும் மூணுல எழுதுங்க."

விசில் நின்றது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது. பாலராமபுரத்திலிருந்து சேலைக் கட்டு ஏற்றிப் போகும் ஜித்தின்தான் முதலில் கத்தினான்.

"ஐயோ சாமி, எனக்க குதிரய எறக்கும்! எனக்கு வேண்டாம்!"

"எனக்கும் வேண்டாம் சாமி!"

சாமி தாடியைத் தடவினார். பிறகு இறங்கி வந்தார், குரலில். "மக்களே, பயப்படாதீங்க. குதிர எண்ணு சொன்னது உங்க மனசுக்குள்ள உள்ளதாக்கும். வண்டிக்கு வேகம் ஒண்ணும் கூடாது."

"கூடாதா?" என்றான் ஈசாக். "அப்போ ஒரு டயருக்க வெலைக்கு நான் வாங்கினது என்னதுவேய்?"

சாமி ஆகாயத்தைப் பார்த்தார். இருபது குதிரையும் ஐந்து நிமிடத்தில் ஓடிப்போயிற்று. சாணிகூட மிச்சமில்லை.

அப்போது, குவாரி மூடின பிறகும் அதன் வாசலில் எடை மேடை நடத்தும் ஜெயபாய் அக்கா கூட்டத்துக்குள் வந்தாள். கல் லாரிகளின் எடையை இருபது வருடமாகப் பார்த்தவள். எத்தனை டிரைவர்கள் அவளிடம் பொய் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை.

"யந்திரத்துல வேகம் இல்லண்ணு சாமியே சொல்லியாச்சு. அப்போ அனூஜுக்கு அது எங்கேருந்து வருது? வண்டியிலேருந்துதானே? எனக்க மேடையில ஏத்தி நிறுத்துங்க. பானெட்ட தொறக்கண்டாம், கயித்த அறுக்கண்டாம்."

ராஜதாஸ் தன் முழங்கால்களை நினைத்துக்கொண்டார். "எடை போடதுக்கு சாபம் உண்டா சாமி?"

திறந்தால் சாபம், தொட்டால் சாபம், சந்தேகப்பட்டால் சாபம் என்று எல்லாவற்றுக்கும் சாபம் வைத்திருந்த சாமி, எடைக்கு ஒன்று செய்துவைக்க மறந்துவிட்டார். அவசரத்துக்குச் சாபம் வருமா? அவர் வாயைத் திறப்பதற்குள் நான்கு பேர் அனூஜின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலில் சுமியின் சிவப்புக் கார் ஏறியது. அறுநூற்று ஐம்பது கிலோ. கம்பெனிப் புத்தகத்திலும் அதேதான். பிறகு வெள்ளைக் கார். ஐந்நூற்றுத் தொண்ணூறு.

"பெட்ரோலு கொறவு," என்றான் அனூஜ்.

எனக்குப் படிப்பு குறைவு. ஆனாலும் கழித்தல் வரும். அறுபது கிலோ குறைகிறது. அந்தக் காரின் டாங்கை வாய் வரை நிறைத்தாலும் இருபத்தெட்டு லிட்டர். இருபத்தொரு கிலோ வராது. மிச்சம் முப்பத்தொன்பது கிலோவை எந்தக் குதிரை தின்றது?

சாமி கையைத் தூக்கினார். "அருள் பாரத்த எடுத்துப்போட்டுது! அதெல்லாம் பாவத்துக்க பாரம்!"

"அப்படியா?" என்றாள் ஜெயபாய். "சாமி, நீரும் ஒண்ணு ஏறி நில்லும். உமக்கு எத்தற கொறஞ்சிருக்கு எண்ணு பாப்போம்."

சாமி ஏறவில்லை.

ஈசாக் போய்க் கயிற்றைப் பிடித்தான். ஐந்நூறு பேரும் இரண்டு அடி பின்னால் போனார்கள். சாபம் தெறித்து மேலே விழுந்துவிடும் என்று பயம். அவன் கயிற்றை அறுத்தான், பானெட்டைத் தூக்கினான். இரண்டு விரலில் வந்துவிட்டது. இரும்பு இல்லை; வெள்ளைப் பெயின்ட் அடித்த பைபர். இத்தனை நாளும் சந்தனம் பூசிக் காத்த தெய்வ ரகசியம் அதுதான். ஈசாக்குக்குக் கை முடங்கவில்லை. அந்தக் கையாலேயே அனூஜின் சட்டையைப் பிடித்தான்.

ஸ்டெப்னி இல்லை. ஜாக்கி இல்லை. கதவுகளுக்குள் கண்ணாடி ஏற்றுகிற சாமான் இல்லை. பின்சீட் மட்டும் அப்படியே இருந்தது, மெரூன் நிறக் கவர் போட்டு, ஜம்மென்று. ஜெயபாய் அதைக் கையால் அழுத்தினாள். கை உள்ளே போயிற்று. கவருக்குள் நான்கு மூங்கில் குச்சி, அவ்வளவுதான்.

தையலைக் குறை சொல்ல முடியாது. ஒரு நூல் பிசகவில்லை. களியக்காவிளைக் கடையில் நானே பார்த்த அதே இரட்டைத் தையல். மூன்று வருடம் மலையில் தவம் செய்தும் அந்த ஆளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வித்தைதான்.

ராஜதாஸுக்குத் திடீரென்று முழங்கால் குணமாகிவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு மார்க் போட்டார். எடைக்குப் பன்னிரண்டு, மறைத்ததற்கு நான்கு பந்தயத்திலும் அனூஜின் வெற்றி ரத்து. இரண்டாவது வந்தவள் நான்கிலும் முதலாவது ஆனாள். கடைசிப் பந்தயத்தில் எவன் ஜெயித்தாலும் அவளை இனி எட்டிப் பிடிக்க முடியாது.

ஆனால் சுமியின் பிரேக் பேடுக்கு ராஜதாஸ் மார்க்கைக் குறைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டாம் கிளாஸில் எருமைகளோடு ஓடினாள். ஏழு வண்டியில் ஏழாவதாக வந்தாள். குவாரிச் சரிவில் முன்னால் போன இரண்டு பேர் மண் திட்டில் ஏறி, பின்னால் எடுத்து, பெரிய எஞ்சினால் மறுபடி அவளை முந்தினார்கள். அவள் வேண்டிய இடத்தில் நின்று திரும்பினாள். அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகிறாள். எல் போர்டைக் கழற்ற மாட்டாளாம்.

சாமி அன்றைக்கே காணாமல் போனார். இப்போது பொழியூர்ப் பக்கம் மீன்பிடி வள்ளத்து எஞ்சின்களுக்கு யந்திரம் கட்டுவதாகக் கேள்வி. விவரமான ஆள். கடலில் எடை மேடை கிடையாது.

கிளப் சட்டத் தாளில் ராஜதாஸ் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: யந்திரம், எண்ணெய், கயிறு: பலன் இல்லை, ஆகவே மார்க் இல்லை. அடுத்த பந்தயத்துக்கு மூன்று பேர் கயிறு கட்டியே வந்தார்கள். ஜித்தினைப் பிடித்துக் கேட்டேன்.

"எலே, அண்ணைக்கு எல்லாத்தையும் கண்ணால பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்," என்றான். "மார்க்கு ஒண்ணும் இல்லல்லா? கெடந்துட்டுப் போவட்டும்."

அந்தத் தாளில் இன்னொரு வரியும் எழுதச் சொன்னேன். ராஜதாஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன். கழுத்துக்கு மேலே ஒரு சாமான் இருக்கிறது. பலபேருக்கு அது வந்த நாளில் சுற்றிய காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. பிரித்து ஓட்டிப் பாருங்கள். அதற்கு மார்க்கும் கிடையாது, கிளாஸும் மாறாது.