அரைச் சுற்று

அரைச் சுற்று. அதற்கு மேல் ஒரு நூல் கூடத் திருப்பக் கூடாது என்பதில் தங்கப்பாண்டியன் கறாராக இருந்தார்.

ராஜபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் மாப்பிள்ளை சேதுபதியின் பழைய கார் நின்றது. மாப்பிள்ளை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மகள் மாரீஸ்வரி அடுப்படியில் இருந்தாள். பட்டாளத்தில் இருபது வருஷம் காவல் காத்த மனுஷர், திருப்புளியும் கையுமாகக் குனிந்து, பின்கதவு லாக்கின் ஸ்குரூவைத் தளர்த்திக்கொண்டிருந்தார். பின்சீட்டில் யாரும் உட்காருவதில்லை. அதெல்லாம் யோசித்துத்தான் செய்தார்.

வேறென்ன செய்ய? மகள் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் பெண் கொடுத்த வீட்டில் அடிக்கடி போய் நின்றால் மரியாதையாக இருக்காது. மாப்பிள்ளை தங்கமானவர்தான். பெட்ரோல் விஷயத்தில் மட்டும், "சும்மா சும்மா எதுக்குப் போகணும்?" என்பார். மனைவி போன பிறகு, மகள் குரல் கேட்காத வீட்டில் தங்கப்பாண்டியனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காரில் கை வைக்கத் தெரிந்தவன் எதிர் ஒர்க்‌ஷாப் ஐயாதுரை ஒருவன்தான் என்று மாப்பிள்ளையை நம்ப வைத்திருந்தார். கதவு கெட்டால் இங்கே வந்துதானே ஆகவேண்டும்.

அரைச் சுற்று பதினைந்து நாள் தாங்கும். மூன்றாம் நாளே கார் வந்து நின்றது.

"கதவு நிக்கவே மாட்டேங்குது மாமா."

"அதுக்குள்ளயா?" அவருக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது.

ஐயாதுரை முறுக்கிக் கொடுத்தான். அடுத்த முறை கால் சுற்றுதான் தளர்த்தினார். இரண்டே நாள். பின்சீட்டில் அவர் ஏற்றிவிட்ட தேங்காய்கள் நடுரோட்டில் உருண்டு, மாப்பிள்ளை லாரிகளுக்கு நடுவே அவற்றை விரட்டிப் பிடித்தாராம். திரும்பி வந்தபோது கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"இந்தச் சனியனை வித்துரப் போறேன் மாமா."

கார் போனால் மகள் வருவதும் போச்சு. அன்றைக்கே தங்கப்பாண்டியன் புது லாக் வாங்கி வந்து ஐயாதுரையிடம் கொடுத்தார்.

"ஏலே, ஆனை வந்து இழுத்தாலும் தொறக்கக் கூடாது."

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு வருத்தமா சொல்லுதீக?"

வேலை முடிந்ததும் அவரே கதவைச் சாத்திப் பார்த்தார். கதவு கச்சிதமாக மூடிக்கொண்டது. முன்சீட்டிலிருந்து மகள் கையாட்டினாள். இனி எப்போது வருவாளோ. திருப்புளியை ஐயாதுரையிடமே கொடுத்துவிட்டார்.

மறு ஞாயிறு யாரும் வரவில்லை. காரணம்தான் இல்லையே. இருந்தாலும் மூன்று பேருக்குக் கறி எடுத்திருந்தார். சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துவிட்டு ஒற்றை ஆளாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை கார் வந்தது. கதவில் கயிறு.

"புது லாக்கு மாமா! இதுவும் பூட்ட மாட்டேங்குது."

"நான் தொடவே இல்ல மாப்ள" என்று வாய் தவறிச் சொல்லி, "தொட்டுப் பாக்கலைன்னு சொன்னேன்" என்று சமாளித்தார்.

மாரீஸ்வரி இறங்கி நேரே அடுப்படிக்குள் போய்விட்டாள். செத்த நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"அப்பா, காய் நறுக்குற கத்திய நான் எடுத்துக்கிடுதேன். எங்க வீட்டுக் கத்தி ஒடிஞ்சு போச்சு."

"எடுத்துக்கம்மா."

அந்தக் குரலைக் கேட்டதே போதும் என்றிருந்தது அவருக்கு. ஆனால் கார்? மாப்பிள்ளை யாருக்கோ போன் போட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். கதவோடு மல்லுக்கட்டிய ஐயாதுரை, தங்கப்பாண்டியனைத் தனியே கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தான்.

"ஸ்குரூவெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு அண்ணாச்சி. யாரோ கத்தியை விட்டு நெம்பியிருக்காக, நுனி உள்ளயே ஒடிஞ்சு கெடக்கு."