காணாமல் போன இருபத்திரண்டரை

"மேல ஏறும்போது அறுபது, கீழ எறங்கும்போது முப்பத்தேழரை. மீதி இருபத்திரண்டரை எங்க போச்சு தம்பி?"

வீரய்யா கங்காணி தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டார். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவரின் தோரணை. சின்னக் கிளாக்கர் அழகையா பேனாவைக் கீழே வைத்தான்.

"அது எங்கயும் போகல மாமா. கணக்கே அப்படித்தான்."

"கொழுந்து மூட்டையத் தூக்கிக்கிட்டு மலையில ஏறினாலும் அதே எடை, எறங்கினாலும் அதே எடை. நாப்பது வருசமாப் பாக்குறேன். நடுவுல கொறைஞ்சா எவனோ கை வச்சிருக்கான்னுதான் அர்த்தம்."

கை வைத்தவன் அழகையாதான். அதனால்தான் அவனுக்கு வேர்த்தது.

முந்தின நாள்தான் கங்காணி வந்து கேட்டிருந்தார். "எட்டாவதோட நின்ன ஆளுக்கு என்ன சம்பளம், ஜி.சி.ஈ. பரீட்ச பாஸ் பண்ண ஆளுக்கு என்ன சம்பளம்? நூத்துக்கு எவ்வளவு வித்தியாசம்னு கணக்குப் போட்டுக் குடு தம்பி. எங்க ரெங்கம்மாவோட வாழ்க்க இதுலதான் இருக்கு. வெளிய மூச்சு விடாத."

அழகையாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் நல்லையா, ஜி.சி.ஈ. பாஸ், கல்யாணமாகாதவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகக் கங்காணி வீட்டுக்கு வந்து போகிறார். இரண்டாவது முறை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெண் இருக்கிற வீட்டுக்குக் கல்யாணமாகாத வாத்தியார் வாழைப்பழத்தோடு எதற்குப் போவார்?

எட்டாவதோட நின்ன ஆள் யார் என்பதிலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அது அவனேதான். எதிராளியையும் தன்னையும் தராசில் ஏற்றி, முள்ளைத் தானே பார்த்துச் சொல்லும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

கங்காணியின் மகள் ரெங்கம்மா பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளுக்கு அவளும் மாரியாயி ஆயாவும்தான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தோறும் பால்மா வாங்க ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுவாள். அவள் போன பிறகும் அழகையா அந்தப் பக்கத்தைத் திருப்பமாட்டான். கடந்த நாலு வெள்ளியாகப் பேச்சும் தொடங்கியிருந்தது.

"நூத்துக்கு எவ்வளவுன்னு எப்புடிங்க பாக்குறது?" என்று கேட்டாள். பால்மா டின்னை வைத்தே சொல்லிக்கொடுத்தான். "நீங்க சொன்னா ஒடனே புரியுது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவன் ஏழு நாளை ஓட்டினான். மற்ற நாட்களில் ஜன்னல்தான். காலையில் ரோட்டு வளைவில் அவள் தலை தெரிய வேண்டும். பனி மூடிவிட்டால் அவள் தூக்கிப்போகும் டின்னின் மூடிச் சத்தமாவது கேட்க வேண்டும். அதுவும் கேட்காத நாள் அவனுக்கு நாளாகவே கழியவில்லை.

கங்காணியை ஒரு வருஷமாகவே அவன் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். கங்காணி அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கணக்கு என்னவோ எளிதுதான். எட்டாவதுக்கு மாசம் நூற்றைம்பது, ஜி.சி.ஈ.க்கு இருநூற்று நாற்பது. வித்தியாசம் தொண்ணூறு. நூற்றுக்கு அறுபது கூடுதல். அந்த அறுபதைப் பார்த்ததும் அழகையா காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இருநூற்று நாற்பதிலிருந்து இறங்கி வந்தான். நூற்றுக்கு முப்பத்தேழரைதான் குறைவு. பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. அதை எழுதிக் கொடுத்தான்.

கங்காணி அதைக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கரிடம் காட்டுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பெரிய கிளாக்கர் அறுபது என்று சொல்லிவிட்டார்.

"மாமா, அதை விடுங்க" என்றான் இப்போது. "இன்னைக்கு எவ்வளவுன்னு பாக்கக் கூடாது. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாக்கணும். எட்டாவது மூணு வருசத்துல நூறுல இருந்து நூத்தம்பது. நூத்துக்கு அம்பது வீதம். ஜி.சி.ஈ. அதே மூணு வருசத்துல எரநூறுல இருந்து எரநூத்தி நாப்பது. இருபதுதான்."

"அட! அப்ப எட்டாவதுதான் ஓட்டமா ஓடுது!"

"அதைத்தான் சொல்றேன்."

கங்காணி சந்தோஷமாகப் போனார். அழகையா அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் காலை கங்காணி திரும்பி வந்தார். முகத்தில் புதிய வெளிச்சம்.

"தம்பி, பண்டாரவளையில மரக்கறி லொறியில ஓடுறானே எங்க அக்கா மகன், அவன் மூணு வருசத்துக்கு முந்தி நாப்பது ரூவா வாங்கினான். இப்ப நூத்தறுவது. அது எத்தன வீதம்?"

அழகையா மனசுக்குள் போட்டுப் பார்த்தான். போடாமலே இருந்திருக்கலாம்.

"முந்நூறு" என்றான் மெல்ல.

"அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். அவனுக்கு முந்நூறு. எட்டாவதுக்கு அம்பது. ஜி.சி.ஈ.க்கு இருபது. படிக்கப் படிக்கத் தேயுதே தம்பி!"

அக்கா மகன் என்றால் முறை மாப்பிள்ளை. ஒரு வாத்தியாரை விரட்டப் போய் அழகையா ஒரு லொறியையே வீட்டுக்குள் ஓட்டி விட்டிருந்தான்.

"இல்ல மாமா, நாப்பதுங்கிறது சின்னத் தொகை. சின்னதுல இருந்து ஏறினா வீதம் பெரிசாத்தான் தெரியும். அதை நம்பக் கூடாது."

"அப்ப ஒன் நூறு மட்டும் பெரிய தொகையா?"

அழகையா பேரேட்டைப் புரட்டினான். கங்காணி விடவில்லை.

"தெமோதரையில கோச்சி வண்டி ஸ்டேசன விட்டுக் கெளம்பி, சுத்திச் சுத்தி வந்து, அதே ஸ்டேசனுக்கு அடியில போகுமில்ல? ஒன் கணக்கும் அப்புடித்தான் இருக்கு. எனக்கு வீதமெல்லாம் வேணாம். ஒரே வார்த்தையில சொல்லு. எட்டாவது போதுமா, ஜி.சி.ஈ. வேணுமா?"

வாய்வரை வந்த உண்மை அறுபதுதான். அது யாருக்குத் தெரியாவிட்டாலும் அழகையாவுக்குத் தெரியும். அவனே ஜி.சி.ஈ. எழுத ஆசைப்பட்டு, அப்பா செத்துப்போனதால் எட்டாவதோடு நின்றவன். ஜியோமெட்ரிப் பெட்டி இன்னும் அவன் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. பரீட்சைக் காலத்தில் பதுளைக்குப் போகும் பஸ்ஸில் பிள்ளைகள் புத்தகத்தோடு ஏறினால் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு வெள்ளிக்கிழமை ரெங்கம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவள் போடும் கையெழுத்தும் நினைவுக்கு வந்தது.

"எட்டாவதுக்கு மேல ரெண்டு வருசம் படிச்சாத்தான் ஜி.சி.ஈ. மாமா. அந்த ரெண்டு வருசச் சம்பளம் மூவாயிரத்தறுநூறு போச்சா? மாசம் தொண்ணூறு கூட வருதுன்னு வச்சாலும் அதைப் பிடிக்க நாப்பது மாசம் ஆகும். தங்குற செலவு, சாப்பாட்டுச் செலவு, கோச்சிச் செலவெல்லாம் தனி. எட்டாவது போதும்."

கங்காணி தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"புள்ள ரொம்ப ஆசப்பட்டுச்சு தம்பி."

அழகையா இதையும் கூட்டிப் பார்த்தான். அப்படியென்றால் அவளுக்கே வாத்தியார் மேல் ஆசை! அந்த நிமிஷத்திலாவது அவன் காகிதத்தை வாங்கி அறுபது என்று எழுதியிருக்கலாம்.

"ஆசதானே மாமா. நாள்பட்டா ஆறிடும்" என்றான். பத்து வருஷமாகியும் தன்னுடையது ஆறாதவன்.

"நீ சொன்னாச் சரி" என்று கங்காணி எழுந்து போனார்.

அந்த வெள்ளிக்கிழமை பால்மா வாங்க ரெங்கம்மா வரவில்லை. மாரியாயி ஆயா வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். கல்யாணம் முடிவான பெண்ணுக்கு வெட்கம் வரத்தானே செய்யும் என்று அழகையா தன்னைத் தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை பதுளைக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தான். வாழைப்பழம் இரண்டு சீப்பு வாங்கினான். வாத்தியாரைவிட நூறு வீதம் கூடுதல் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டான்.

ஞாயிறு காலையில் கங்காணி வீட்டு முன்னால் போய் நின்றபோது கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் மாரியாயி ஆயா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க கிளாக்கர் தம்பி. கங்காணி இல்லீங்களே."

"ரெங்கம்மா?"

"உள்ள கெடக்கு. மூணு நாளாச் சோறு தண்ணி எறங்கல."

"ஏன்? என்னாச்சு?"

"பதுளையில ரெண்டு வருசம் தங்கிப் படிச்சு ஜி.சி.ஈ. எழுதணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. நல்லையா வாத்தியாருதான் பாவம், வந்து வந்து பேசி, தங்குறதுக்கு அவரு தங்கச்சி வீட்டுலயே எடமும் பாத்துக் குடுத்தாரு. இப்ப அப்பன்காரரு எட்டாவதே போதும்னுட்டாரு."

இரண்டு சீப்பும் கையில் கனத்தன. அழகையா அவற்றைக் கீழே வைக்கப் பார்த்தான். வைக்க இடம் தெரியவில்லை.

"வாத்தியாரு அவ்வளவு சொல்லியுமா அவரு கேக்கல?" என்றான்.

மாரியாயி ஆயா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வாத்தியாரு படிக்கத்தானே சொல்லுவாருன்னு அப்பன் நம்பல தம்பி, அதுக்குத்தான் இந்தப் புள்ள, 'கிளாக்கரு படிக்க ஆசப்பட்டு முடியாமப் போனவரு, அந்த வலி அவருக்குத்தான் தெரியும், அவருக்கிட்டயே கேளுங்க'ன்னு ஒங்ககிட்ட அனுப்பி வச்சுச்சு."