காட்டுக்கு நாடி பார்த்த சம்பந்திகள்

‘பார்த்தவுடன் சொல்கிறவர்’ என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. புது ஸ்கூட்டர் வாங்கி வந்து வாசலில் நிறுத்துகிறீர்கள்; சாவியை எடுப்பதற்குள் எதிரே வந்து நின்று ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, “செயின் சத்தம் போடுதே” என்பார். ஸ்கூட்டருக்குச் செயினே கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். “அதான் சொல்றேன்” என்பார். உங்கள் மிக்ஸிக்குக் காயில், உங்கள் சுவருக்கு ஈரம், உங்கள் மாமனாருக்குக் கல்லீரல். நீங்கள் கேட்டீர்களா? கேட்காவிட்டால் என்ன?

திருத்தங்கல் சோலைச்சாமி இந்த இனத்தில் முதல்தரம். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனிக்குள் அவர் கண்ணுக்கு நல்ல மரியாதை உண்டு. வெளியே வந்த பிறகும் அந்தக் கண்ணை அணைத்துவைக்க அவருக்குத் தெரியாது, அதுதான் சங்கடம். மகள் ஓவியாவுக்கு முதலில் வந்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டுத் தூணை அவர் தட்டிப் பார்த்து, “அடுத்த மழைக்குத் தாங்காது” என்றதோடு முடிந்தது. அடுத்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவை வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, மஞ்சள் காமாலைக்குப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவர்கள் காப்பியைக்கூட முடிக்கவில்லை.

பிறகு சாத்தூரிலிருந்து ஓர் இடம் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கும் அருள்பாண்டியின் மகன். பையனை ஓவியாவுக்குப் பிடித்துவிட்டது. பேசி முடிக்க இரண்டு குடும்பமும் ஓரிடத்தில் கூட வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போனால் தூண் இருக்கும், இங்கே கூப்பிட்டால் வருகிறவர்களுக்குக் கல்லீரல் இருக்கும் என்று சோலைச்சாமியின் மனைவி கற்பகவல்லி ராத்தூக்கம் கெட்டு யோசித்தாள். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்ட வாரம், ஒரு வேன் பிடித்து எல்லோரையும் தொண்டிப் பக்கம் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். துடுப்புப் படகு, இரண்டு பக்கமும் மரம், நடுவில் உப்புத் தண்ணீர். அங்கே எதைப் பார்த்து இவர் என்ன சொல்லிவிட முடியும்?

பாவம், கற்பகவல்லி.

படகில் வீரலட்சுமி என்ற ஆராய்ச்சி மாணவியும் ஏறிக்கொண்டாள். என்ன வேலையாக வந்தாயம்மா என்று யாரோ கேட்டதற்கு, இந்தக் காடு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றாள். புதுக் கன்று முளைக்கிறதா, சேற்றில் நண்டு வளை இருக்கிறதா, இலை அடர்த்தி குறைகிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியுமாம்.

சோலைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கற்பகவல்லி அவர் காலை மிதித்தாள். வானத்தைப் பார்த்தார். கரையெங்கும் ராக்கெட்டுக் குச்சிகளைத் தலைகீழாக நட்டுவைத்தாற்போல வேர்கள் மேல்நோக்கி முளைத்து நின்றன. அதையும் எச்சில் கூட்டி விழுங்கிவிட்டார். அப்போது பார்த்து ஒரு கிளை அவர் முகத்தில் உரசிவிட்டுப் போனது. உதட்டை நக்கினார். உப்பு.

“பிரஷர்” என்றார்.

வேர் உறிஞ்சுகிற உப்பை இலை வழியாகத் தள்ளுவது இந்த மரத்தின் இயல்பு என்று வீரலட்சுமி பொறுமையாக விளக்கினாள்.

“அதான் தாயி, உள்ள அம்புட்டு உப்பு ஏறிருக்கு. பிரஷர் கேஸுதான்.”

கற்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்ப் பலகையில் இருந்த அருள்பாண்டி மூக்கை உயர்த்திக் காற்றை நன்றாக இழுத்தார்.

“இல்லண்ணாச்சி, வாடையைப் பாருங்க. இது கேஸ் டிரபிள்.”

ஆமாம். அவரும் அதே இனம்தான்.

சேற்றில் இலை மக்கினால் அப்படித்தான் வாடை வரும் என்று வீரலட்சுமி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. உப்பைக் குறைக்கக் கடல்தண்ணீர் வருகிற வழியை அடைக்க வேண்டும் என்றார் இவர். அடைத்தால் வயிறு இன்னும் உப்பும், ஓமத்தண்ணீர்தான் சரி என்றார் அவர். காடு முழுமைக்கும் எம்புட்டு ஓமம் வேண்டும் என்று சோலைச்சாமி மடக்க, பேச்சு தடித்தது. கடைசியில், “மூக்கை வச்சு வைத்தியம் பாக்குற வீட்டுல பொண்ணக் குடுத்தா…” என்று சோலைச்சாமி ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

ஓவியா மாப்பிள்ளைப் பையனைப் பார்த்தாள். அவன் ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேரைத் தொட்டால் தெரிந்துவிடும் என்று சோலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டி, படகுக்காரர் தடுப்பதற்குள் சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை போனது. விடுவாரா அருள்பாண்டி? அவரும் இறங்கினார். அவருக்குக் கொஞ்சம் கனத்த சரீரம். தொடை வரை போனது. இருவரும் எதிரும் புதிருமாக நட்டுவைத்ததுபோல நின்றார்கள். படகிலிருந்து இழுத்தால் படகு கவிழ்ந்துவிடும், துறைக்குப் போய்ப் பலகையும் கயிறும் கொண்டுவருகிறேன், தண்ணீர் இப்போதைக்கு ஏறாது என்று சொல்லிப் படகுக்காரர் துடுப்புப் போட்டார்.

வளைவு திரும்பிப் புருஷன்மார் தலை மறைந்ததும் கற்பகவல்லி மாப்பிள்ளையின் அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“மதினி, இவுக ஏறி வர்றதுக்குள்ள நாம பேசி முடிச்சிருவமா?”

“தையில வச்சுக்கிருவோம். நாங்களும் ரெண்டு எடத்தை இப்பிடித்தான் விட்டோம் மதினி” என்றாள் அந்த அம்மாள்.

துறையில் எல்லோரும் டீ குடித்தார்கள். அவசரப்படாமல் குடித்தார்கள். மண்டபமும் சமையல்காரரும்கூட முடிவான பிறகுதான் பலகையும் கயிறும் படகில் ஏறின.

திரும்பிப் போனபோது சம்பந்திகள் சேற்றில் நின்றபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். காட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்றார் சோலைச்சாமி. காலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறதே, நோயாளிக்கு இந்தப் பிடி வருமா? நாடியும் சுத்தமாக இருக்கிறது என்றார் அருள்பாண்டி. தை மாதம் கல்யாணம் என்றதற்கு இருவரும், அது தெரிந்த விஷயம்தானே என்பதுபோலத் தலையசைத்தார்கள். வீரலட்சுமியின் ஆராய்ச்சி மட்டும் இன்னும் முடியவில்லை.

இதைப் படிக்கும்போதே உங்கள் தெருவிலோ ஆபீசிலோ இருக்கும் ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். “இது அவரேதான்” என்று சொல்லியும் இருப்பீர்கள். முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்களா?

அவ்வளவு சீக்கிரமாகவா?