உப்புச்சாமியார் சபித்த செடி

வரிசை மண்டபத்தைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கிவிட்டது. எல்லார் கையிலும் காலி பாட்டில். உள்ளே மேடையில் உப்புச்சாமியார் ஒரு தொட்டிச் செடிக்கு உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அதைத்தான் ஊற்றுகிறாராம். செடி வாடவே இல்லையாம். எல்லாம் அவர் கையின் மகிமையாம்!

"இந்தத் தண்ணியைக் குடிச்ச செடியே வாடலை. நீங்க வாடுவீங்களா?"

"மாட்டோம் சாமி!" பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள்.

கூட்டத்தில் நின்ற தொட்டிக்காரிக்கு அந்தச் செடியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆராய்ச்சிப் பண்ணையில் தொட்டிச் செடிகளுக்கு உப்புத்தண்ணீர் அளந்து ஊற்றுவதுதான் அவள் உத்தியோகம். அதனால் அந்தப் பெயர். மேடையில் இருந்தது கடலோரத்தில் தானாக முளைக்கிற களை. அவள் பண்ணையில் மூன்று வரிசை நிற்கிறது. எந்த மகானும் அதில் கை வைத்ததில்லை. அவள்தான் வைத்தாள், அதுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு.

அவள் வந்தது, பாட்டிலோடு பக்கத்தில் நின்ற அண்ணனுக்காக. பேருந்து ஓட்டுகிற அந்த மனிதர், ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, காலையும் மாலையும் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார். ரத்தக்கொதிப்புக்கு உப்பு! நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் தேடுகிற புத்திசாலி. கால் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தது.

"அண்ணா, அது செடிக்குள்ளயே இருக்கிற ஜீன் பண்ற வேலை. உப்பு ஏறினா உள்ள நச்சு உண்டாகும். அதைத் துடைச்சு எடுக்கிற சரக்கை அந்த ஜீன் தயார் பண்ணும். எல்லாச் செடிக்கும் கொஞ்சம் இருக்கு. இதுக்கு எக்கச்சக்கம்."

"நீ தண்ணி ஊத்துறவ. அவர் அருள் ஊத்துறவர். வாயை மூடு!"

மறுநாள் அவள் இரண்டு தொட்டிகளோடு மேடை ஏறினாள். "சாமி, இந்தத் தக்காளியை ஆசீர்வாதம் பண்ணுங்க. இன்னொண்ணு பெரிய தொல்லை பிடிச்ச செடி. அதைச் சபிச்சுடுங்க."

அந்த இன்னொன்று, மேடைச் செடியின் சொந்த இனம்தான். கன்றாக இருந்ததால் சாமியாருக்கு அடையாளம் தெரியவில்லை. தக்காளியைத் தடவிக் கொடுத்தார். கன்றைப் பார்த்து, "ஏழே நாளில் கருகிப் போ!" என்று கர்ஜித்தார். யாரோ ஓர் அம்மா அதற்காக "ஐயோ பாவம்" என்றார்.

"அண்ணா, ஏழு நாளைக்கு உங்க பங்குத் தண்ணியை இது ரெண்டுக்கும் ஊத்துங்க. உங்க கையாலேயே."

"ஊத்துறேன். அப்புறம் நீ வந்து அவர் கால்ல விழணும்!"

மூன்றாம் நாள் தக்காளியின் இலை நுனி கருகியது. ஐந்தாம் நாள் தலை தொங்கியது. ஏழாம் நாள் கதை முடிந்தது. சாபம் வாங்கிய செடியோ, ஜம்மென்று இரண்டு புதுத் துளிர் விட்டிருந்தது!

இரண்டு தொட்டியும் மறுபடி மேடை ஏறின. "தக்காளிக்கு நம்பிக்கை போதாது," என்றார் சாமியார்.

"சரி சாமி. இது எந்த நம்பிக்கையில துளிர்த்துது?" கன்றைத் தூக்கி மேடைச் செடியின் பக்கத்தில் வைத்தாள் தொட்டிக்காரி. கன்றின் புது இலையும் அதன் இலையும் ஒரே அச்சாக இருந்தன.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "சாமி, எங்க தோட்டம் காஞ்சு கிடக்கு. கொஞ்சம் வந்து சபிச்சுட்டுப் போறீங்களா?"

மண்டபமே சிரித்தது. சாமியாருக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. பின்வாசல் வழியாகவே தியானத்துக்குப் போய்விட்டார்.

அண்ணன் மட்டும் செத்த தக்காளியையும் தன் வீங்கிய காலையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எந்தச் செடி?"

"தக்காளிண்ணா."

"வண்டியை எடு. டாக்டர்கிட்ட போவோம்."

உப்பைத் தாங்குகிற ஜீன் அந்தக் களைக்கு வாய்த்தது. நமக்கு வாய்த்தது மூளை. எப்போதாவது அதையும் கொஞ்சம் வெளியே எடுத்து வெயில் காட்டுங்கள், ஐயா!