கோர்ட் நமாக் எங்கே இருக்கிறது?

இனி ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று ஒரு புதன்கிழமை முடிவெடுத்தேன். முடிவை உரக்கச் சொல்லவில்லை. என் வீட்டில் நான் எடுக்கும் முடிவுகளெல்லாம் மௌன விரதம்தான்.

நான் மாலக்கி டான்சி. முப்பத்தொரு வருடம் ஸ்லைகோ மாவட்டம் முழுக்க பஸ் ஓட்டியவன். பஸ்ஸில் ஐம்பது பேர் நான் திருப்பிய பக்கம் திரும்புவார்கள். வீட்டில் நான் ஒருத்தன், என் மனைவி அட்ராக்டா திருப்பிய பக்கம் திரும்புவேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் திருப்புவது அவள் அம்மா வீட்டுப் பக்கம். அங்கே வேகவைத்த பன்றிக்கறி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. தொட்டுக்கொள்ள நாலு மணி நேரம் என் குறைகள்.

தப்பிக்க வழி காட்டியவர் என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா, ஓவன் டான்சி. கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழைய வரிப் பதிவேட்டின் நகல் நூலகத்தில் கிடைத்தது. அதில் அவர் பெயருக்கு எதிரே ஊர்: 'கோர்ட் நமாக்'. அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. எழுதியவர் இங்கிலாந்துக்காரக் குமாஸ்தா. எங்கள் ஆட்கள் ஐரிஷ் மொழியில் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். எதிரே நின்றவர் தும்மியிருந்தால் அதையும் ஒரு ஊராக்கியிருப்பார்.

"இங்கிலீஷ்ல கோர்ட்னா மாளிகை, அட்ராக்டா. எங்க பரம்பரை லேசுப்பட்டதில்ல," என்றேன்.

"அப்போ அங்கேருந்து உங்களை யாரு துரத்துனது?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். பேரைத் தப்பா எழுதிட்டாங்க. சரியான ஊரு பதினோரு இடத்துல ஏதோ ஒண்ணா இருக்கலாம். ஒவ்வொண்ணா நேர்ல போய் கல்லறையெல்லாம் பார்க்கணும்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமைதான் தோதா இருக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போயிட்டு வாங்க. முன்னோர் முக்கியம்ல?" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஃபெர்கலின் வண்டியில் கிளம்பினோம். முதல் ஞாயிறு ஆரோ ஏரி. அடுத்த ஞாயிறு ஓர் ஆறு. கல்லறை பார்க்கவில்லை, தூண்டில் போட்டோம். பிடித்த டிரவுட் மீனையெல்லாம் ஃபெர்கல் தலையில் கட்டினேன், தடயம் வேண்டாமே! வீடு திரும்பும்போது முழங்காலில் கொஞ்சம் மண், முகத்தில் கொஞ்சம் ஆராய்ச்சிச் சோர்வு.

ஆறு வாரம் ஓடியது. செப்டம்பர் கடைசியில் அட்ராக்டா என் பட்டியலை எடுத்து, வரைபடத்தை விரித்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, பதினோரு ஊர்லயும் தண்ணி ஓடுதே. உங்க பாட்டன் மனுஷனா, மீனா?"

"தண்ணி இருக்கிற இடத்துலதானே ஜனங்க குடியிருப்பாங்க?"

"நியாயம்தான். எங்கே, அந்தப் பேரைச் சத்தமாச் சொல்லுங்க."

"கோர்ட் நமாக்."

"வேகமா."

"கோர்ட்நமாக்."

"இழுக்காதீங்க. எங்கம்மா பேசுற மாதிரி பாதியை முழுங்கிட்டுச் சொல்லுங்க."

"கோர்ட்நமுக்..."

"அதான்! கோர்ட் நா முக். ஐரிஷ்ல கோர்ட்னா வயல். முக்னா பன்னி. பன்னி வயல்! பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக்குடுத்தப்போ எங்கே இருந்தீங்க?"

அப்போதும் ஏரிக்கரையில்தான் இருந்தேன்.

"அந்த வயல் எங்கம்மா வீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு, அம்மா இன்னும் பன்னி வளர்க்கிறாங்களே, அதே இடம். பத்திரத்துல அதே பேரு. நீங்க நகலைக் கொண்டுவந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏன் ஆறு வாரம் வாயைத் திறக்கலை?"

"ஃபெர்கல் பொண்டாட்டி டெர்வ்லா திங்கக்கிழமை தவறாம பாதி மீனை இங்கே குடுத்துட்டுப் போவா. நீங்க நூலகத்துல தூங்கிட்டு இருப்பீங்க. நானும் அம்மாவும் வெண்ணெயில பொரிச்சுச் சாப்பிட்டோம். இன்னியோட மீன் பிடிக்கிற காலம் முடிஞ்சுது. ஆராய்ச்சியும் முடிஞ்சுது."

அடுத்த ஞாயிறு மழை. மாமியார் கையில் தீவன வாளியோடு வாசலிலேயே நின்றிருந்தார். எண்பத்திரண்டு வயதில் அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை.

"வாங்க மாப்ளே! இத்தனை வருஷமா உங்களை அசலூர்னு நினைச்சுட்டேனே! இது உங்க முன்னோர் மண்ணு. இதை அடுத்தவன் கவனிச்சா நல்லாவா இருக்கும்? இனிமே காலையில நீங்களே வந்து தீனி வெச்சிடுங்க."

"ஞாயித்துக்கிழமை காலையிலதானே, அத்தை?"

"பன்னி என்ன, ஞாயித்துக்கிழமை மட்டுமா சாப்பிடுது?"

வாளியோடு வயலில் இறங்கினேன். முதல் அடியிலேயே ஒரு பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொண்டது. ஒன்பது பன்றிகள் ஓடிவந்து சுற்றி நின்றன. அதில் பெரியவள் என் கால்சட்டையை முகர்ந்து, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து நீளமாக உறுமினாள். பயத்தில் நானும் பதிலுக்கு ஏதோ உறுமினேன். மாமியார் பதறிப்போய் வேலிக் கதவைத் திறக்கப் போனார். அட்ராக்டா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடும்மா. சொந்தக்காரங்க பேசிக்கிட்டு இருக்காங்க."