மேலே போக லாரி, கீழே வர சைக்கிள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒருத்திக்கு இரண்டு முழங்காலிலும் பிளாஸ்திரி, இன்னொருத்திக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு, எனக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, தலை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதை நலம் என்று சொல்லலாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

அன்றைக்கு போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. “ஏன்டா, என் மருமக சைக்கிளோட மலையில இருந்து விழறாளாமே, உண்மையா?” என்று கேட்டாய். விழவில்லை அக்கா, இறங்குகிறாள். இரண்டும் வேறு வேறாம். அந்த வித்தியாசத்தை எனக்குப் பலமுறை விளக்கிவிட்டார்கள், விளக்கும்போது புரிகிறது, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மறந்துவிடுகிறது. நான் லிஃப்ட் மெக்கானிக் என்பது உனக்குத் தெரியாததல்ல. மேலே போன பெட்டி அவசரப்படாமல் கீழே வந்து சேர வேண்டும், அதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. வேகம் கொஞ்சம் கூடினாலும் தானாகக் கடித்துப் பிடிக்கும் பிரேக் ஒன்று ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கிறது, அதை என் கையாலேயே சோதித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். அப்படிப்பட்டவன் வீட்டில், யார் சீக்கிரம் கீழே வருவது என்பதற்கென்றே பயிற்சி எடுக்கும் பெண்!

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்பாய். “அப்பா, சைக்கிள் கிளப்ல சேரட்டுமா?” என்று அவள் கேட்டபோது ‘மலை’ என்ற வார்த்தையைச் சொன்னாளா, சொல்லி நான்தான் கவனிக்கவில்லையா என்று இன்றுவரை வீட்டில் தகராறு. நான் நினைத்துக்கொண்டது, பூங்காவைச் சுற்றி வரிசையாகப் போவார்கள், மணி அடிப்பார்கள், பசித்தால் வந்துவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கொடுத்துவிட்டு வரலாம் என்று விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனால், ஊர் முடிந்துவிட்டது, தார் ரோடு முடிந்துவிட்டது, மலைதான் நிற்கிறது. ஒற்றையடிப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஏதோ விர்ரென்று பறந்தது. பருந்தோ என்னவோ என்று டப்பாவைத் தலைக்குப் பிடித்துக் குனிந்தேன். பருந்துக்கு ஏது சக்கரம் என்று தோன்றி நிமிர்வதற்குள் அது பாதையின் அந்தப் பக்கம் இறங்கி, வேர் பாறை எல்லாவற்றின் மேலும் தடதடவென்று ஓடி, மறைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கால் மடங்காத பெண்மணி கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். “நீங்க லிஃப்ட் சார்தானே? இப்ப போனது உங்க பொண்ணுதாங்க. இன்னிக்கு நல்லா பறக்கறா” என்றார், நான் ஏதோ சந்தோஷப்படப் போகிறவன் மாதிரி. அவர்தான் கோச். ஒரு காலத்தில் பெரிய பெரிய போட்டிகளில் இறங்கியவராம். அந்தக் கால் ஏன் மடங்கவில்லை என்று நான் கேட்கவில்லை, பதில் எனக்கு வேண்டாம்.

அந்த சைக்கிளை நீ பார்க்க வேண்டும் அக்கா. மணி இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, சேறு தெறிக்காமல் இருக்க மட்கார்டும் இல்லை. சீட்டு இருக்கிறது, ஆனால் அதில் யாரும் உட்கார மாட்டார்களாம், மேலிருந்து கீழே வரும் வரைக்கும் நின்றுகொண்டே வருவார்களாம். சரி, மேலே எப்படிப் போகிறார்கள் என்று கேட்டேன். லாரியில். சைக்கிள்களை லாரியில் ஏற்றி, பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்து மேலே போய், அங்கிருந்து சைக்கிளில் கீழே வருகிறார்கள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, லாரிதான் எப்படியும் திரும்பிக் கீழே வருகிறதே, அதிலேயே வந்துவிடலாமே என்று. கேட்டுவிட்டேன். அங்கிருந்த பெண் பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நண்டு என்று ஒருத்தி, வளைவுகளில் பக்கவாட்டில் சாய்ந்து போவதால் அந்தப் பெயர், அவள் சிரித்த சிரிப்பில் பல்லிடுக்கில் இருந்த மண் தெரிந்தது. என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. “அப்பா, டப்பாவைக் குடுத்துட்டு நீங்க கிளம்புங்க” என்றாள்.

நான் கிளம்பவில்லை. கோச்சைத் தனியாகக் கூப்பிட்டு, அவளை இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு, “சார், எங்கிட்ட பத்துப் பன்னெண்டு வயசுல நிறைய பொண்ணுங்க வர்றாங்க. பதினாலு, பதினஞ்சு ஆனதும் ஒவ்வொருத்தரா காணாமப் போயிடறாங்க. ஓட்டத் தெரியாம இல்ல. பையன் விழுந்தா ‘எழுந்திருடா’ங்கறீங்க. பொண்ணு விழுந்தா ‘போதும், வீட்டுக்கு வா’ங்கறீங்க” என்றார். அவர் பெண்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பு வைத்திருக்கிறார். முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார். பிறகு, இறங்கப் போகும் பாதையில் நடக்கவிடுகிறார். சின்னக் கைக்கு எட்டும்படி பிரேக்கை உள்ளே தள்ளி வைக்கிறார். “கல்லைப் பாக்காதே, வழியைப் பாரு. நீ எதைப் பாக்கறியோ சைக்கிள் அங்கதான் போகும்” என்று கத்திக்கொண்டே இருக்கிறார். பிரேக்கை அவர் தள்ளி வைத்திருந்த விதத்தை நான் குனிந்து பார்த்தேன். ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். அதனால்தான் நான் குழம்பிப்போனேன். கவனமில்லாத மனுஷியாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அடுத்த மாதம் போட்டி என்றார். பெண்கள் பிரிவில் குறைந்தது ஐந்து பேர் கீழே வந்து சேர்ந்தால்தான் அந்தப் பிரிவே கணக்கில் வருமாம். ஒருத்தி குறைந்தாலும் மற்றவர்கள் இறங்கியது இறங்காத மாதிரிதான், வளரும் பெண்களுக்கு நடத்தும் பெரிய பயிற்சி முகாமுக்கு யாரையும் எடுக்க மாட்டார்கள். இவரிடம் சரியாக ஐந்து பேர்தான் இருந்தார்கள். “நீங்க இப்ப கூட்டிட்டுப் போனா, மத்த நாலு பேருக்கும் இல்லாமப் போயிடும்” என்றார். மற்ற நால்வரும் தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்வேன்? இந்தப் போட்டியோடு சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்லவேளையாக அடுத்த வாரமே மளிகைக்கடைக்காரர், அந்த ஐந்து பேரில் ஒருத்தியான தன் பெண்ணை நிறுத்திவிட்டார். விஷயம் கேள்விப்பட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. கூடவே அந்த மனிதர் மேல் ஓர் எரிச்சலும் வந்தது, ஏன் வந்தது என்று கேட்காதே. என் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த உன் தம்பி பெண்டாட்டி தலையைக்கூட நிமிர்த்தாமல், “அழாம இருக்கச் சொல்லுங்க. ஆள் கிடைப்பாங்க” என்றாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. அவளைப் பற்றி உனக்குத் தெரியும். பல் டாக்டரிடம் வேலை, மனிதனுக்குப் பல் எப்படியெல்லாம் உடையும் என்று தினமும் பார்ப்பவள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் என் சட்டையைப் பிடித்து இழுத்து “மெதுவா, மெதுவா” என்று உருப்போடுபவள். சனிக்கிழமைதோறும் மகளுக்குத் துணையாகப் போகிறேன் என்று போய்க்கொண்டிருந்தாள். அவள் காலில் நீல நீலமாகத் தடம் இருந்தது, என்ன என்று கேட்டதற்கு “கட்டில் இடிச்சிடுச்சு” என்றாள். கட்டிலின் மூலைக்கெல்லாம் நான் பழைய துணி சுற்றிவைத்தேன் அக்கா!

போட்டி நாளன்று கீழே, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டியிருந்த இடத்தில், கூட்டத்தோடு நின்றேன். நண்டு வந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். என் மகள் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், கைதட்டல் கேட்ட பிறகுதான் திறந்தேன். இரண்டாம் இடம். முழங்காலில் ரத்தம், முகத்தில் சிரிப்பு. “அம்மா எங்கடி? ரத்தம் வருதே, துணி அவகிட்டதான இருக்கு?” என்றேன். அவள் மலையைக் காட்டினாள். பெண்களுக்கான கழிவறை மேலே இருக்கிறது போலும் என்று நினைத்தேன். அதற்குள் ஒலிபெருக்கியில், அடுத்து இறங்குபவர் பெண்கள் பிரிவில் ஐந்தாமவர், இந்தப் போட்டியிலேயே மூத்தவர் என்று அறிவித்தார்கள். “பாவம், யாரு பெத்த பொண்ணோ” என்றேன். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, கத்தாதீங்க. அது அம்மா.”

அக்கா, முகம் முழுக்க மூடிய ஒரு ஹெல்மெட் மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. மற்றவர்கள் பறந்த இடத்தில் அது உருண்டது. மேடு வந்தால் நின்று யோசித்து, ஓரமாகச் சுற்றி வந்தது. முதுகு நேராக இருந்தது, அந்த முதுகை எனக்குத் தெரியும். கடைசி வளைவில், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், முன்சக்கரம் ஒரு வேரில் ஏறிச் சறுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் கயிற்றைத் தாண்டப் போனேன், கோச் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “தொட்டீங்கன்னா செல்லாது சார்! அவங்களா வரணும்!” எனக்கு வாயில் வந்ததைக் கத்தினேன். “பிரேக்! பிரேக்கைப் பிடி!” என் மகள், “அப்பா, அவங்க கீழ படுத்திருக்காங்கப்பா, இதுக்கு மேல எங்க நிறுத்தறது?” என்றாள். ஆனாலும் நான் நிறுத்தவில்லை, பிரேக், பிரேக் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன், கண்ணில் தண்ணீர் வேறு. அவள் மெல்ல எழுந்தாள். ஒரு கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மறுகையால் சைக்கிளை நிமிர்த்தி, ஏறி, ஒற்றைக் கையாலேயே எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து சேர்ந்தாள். அந்தப் பிள்ளைகள் நால்வரும் ஓடிப்போய் அவள் மேல் விழுந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து முதலில் கேட்டது, “அடுப்பை அணைச்சீங்களா?”

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது கோபப்படலாம் என்று முடிவு செய்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். “உனக்கு என்ன வயசு? பயமா இல்லையா உனக்கு?” என்று ஆரம்பித்தேன். “இருந்துச்சு. மேல நின்னப்ப லாரியிலயே திரும்பிடலாமான்னு பாத்தேன்” என்றாள். “ஆனா வீட்ல இருக்கறப்ப உங்களுக்காக, அவளுக்காகன்னு ஊரான் பயத்தையெல்லாம் நான்தான் பட்டுக்கிட்டிருக்கேன். இது என்னோடது. எனக்கே எனக்குன்னு ஒரு பயம். நல்லா இருந்துச்சுங்க.” இதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் எனக்கு எழுத வேண்டும். மாவுக்கட்டுப் போட்டுவிட்ட ஆள் தலையாட்டினார், அவருக்குப் புரிந்திருக்கும் போல. எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து லிஃப்டில் ஏறினால்கூட, பெட்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அக்கா, நான் முடிவெடுத்துவிட்டேன். முகாமுக்கு மகளை எடுத்துவிட்டார்கள், எங்கேயோ இதைவிட உயரமான மலையாம். அனுப்பப் போவதில்லை. தாயும் பெண்ணும் இனிமேல் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. நாளைக்கே கோச்சைப் பார்த்து முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். நான் சொன்னால் இவர்கள் இருவரும் “சரி, சரி” என்பார்கள், அந்தச் ‘சரி’க்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பெரியவள், கண்டிப்பாக நாலு வரி எழுது. என்றைக்கும் உன் சொல்லைத்தான் இந்த வீட்டில் கேட்பார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. உன் ஆசி எப்போதும் போல எங்கள் மேல் இருக்கட்டும், இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள,
ஒன்றும் புரியாத தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு கோச்சைப் பார்க்கப் போனேன். மேலே எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. மளிகைக்கடைக்காரரின் பெண் பள்ளிச் சீருடையோடு மலையடிவார வேலிக்கு வெளியே நின்று மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் எப்படி மளிகைக்கடைக்குள் போனேன், அவரிடம் என்னென்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை, ஆனால் அவள் திரும்பவும் வருகிறாள். மகளுக்கு முகாமுக்குப் பெரிய பை வாங்கியாகிவிட்டது. கண்டிப்பான நாலு வரியும் வேண்டாம். ஒரு சின்ன உதவி மட்டும் செய். பத்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகள் பிரிவுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் குறைகிறதாம். விடுமுறைக்கு உன் பேத்தியை இங்கே அனுப்பிவை. அதற்கு முன் அவள் உயரத்தை அளந்து எழுது. எதற்கு என்று அத்தான் கேட்டால், கவுன் தைக்க என்று சொல்.